வைக்கலாமா, எடுக்கலாமா?

ஊரார் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வதை உட்கார்ந்து படிப்பதற்கென்றே ஒரு வேலை உண்டு. அதில் ஒன்றே முக்கால் வருஷம் இருந்தேன்.

அதியமான்கோட்டையில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கடல் தாண்டி இருக்கிற ஒரு சோஷியல் மீடியா கம்பெனிக்காக, தமிழில் யாராவது புகார் கொடுத்த பதிவையும் வீடியோவையும் பன்னிரண்டு பெண்கள் பார்ப்போம். ஒன்றுக்கு நாற்பது வினாடி. ‘வைக்கலாம்’, ‘எடுக்கலாம்’, ‘மேலே அனுப்பு’ என்று மூன்று பட்டன். நீங்களும் எதையாவது புகார் செய்துவிட்டு, "ஒருத்தனும் கண்டுக்கறதில்லை" என்று புலம்பியிருப்பீர்கள். கண்டுகொண்டோம். உங்களைப் போலவே தலையில் அடித்துக்கொண்டுதான் பார்த்தோம்.

நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். பெண் பெங்களூரிலும் பையன் ஓசூரிலும் குடும்பமாகிவிட்ட பிறகு கிடைத்த வேலை இது. ஐம்பத்தொரு வயதில், முதல் தடவையாக என் பெயர் போட்ட அட்டை கழுத்தில் தொங்கியது. அந்த வேலையை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனால் நான் சேர்ந்த நேரம், ஜனங்கள் அந்த ஆப்பை விட்டு வேறு ஆப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனி இறங்க இறங்க, வேகத்துக்குப் போடுகிற ஸ்கோர் குறைந்தவர்களை மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் ஸ்கோர் எப்போதும் கடைசிக்குப் பக்கத்தில்தான்.

தனித்தனி வேண்டுதல்

ஸ்கோர் குறைந்ததற்கு என் பழக்கம்தான் காரணம். ஒரு பெண்பிள்ளையின் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. ‘எடுக்கலாம்’ தட்டிவிட்டுக் கண்ணை மூடி, "முருகா, எழுதினவனுக்கு நல்ல புத்தி குடு, அந்தப் பொண்ணு இதைப் படிக்காம இருக்கணும்" என்று வேண்டிக்கொள்வேன். அதற்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வினாடி போய்விடும். ஒரு நாளில் எத்தனை பேருக்கு வேண்ட வேண்டியிருந்தது என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசர் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என் மகள் வயசுதான், கோபப்படத் தெரியாத பெண். மெதுவாகச் சொன்னார்:

"ஆளாளுக்குத் தனியா வேண்டாதீங்கம்மா. சாயங்காலம் வூட்டுக்குப் போயி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கும்புடா போட்டுருங்க."

அலகு

ஆடிக் கிருத்திகைக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு ஒருவர் காவடி எடுத்து ஆடுகிற வீடியோ. கம்பெனியின் மெஷின் அதை, ‘தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளுதல், அவசரம்’ என்று சிவப்புப் பட்டையோடு எனக்குத் தள்ளியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘வைக்கலாம்’ தட்டினேன்.

பத்து நிமிஷத்தில் வடக்கே இருக்கிற பெரிய ஆபீசிலிருந்து மேடத்துக்கு ஃபோன். அந்த மனிதரைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தீர்களா, அவர் குடும்பத்துக்காவது தகவல் சொன்னீர்களா என்று இங்கிலீஷில் பதறியிருக்கிறார்கள். மேடமும் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு, ஃபோனை வைத்ததும் எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"குடும்பமே பின்னாடி பம்பையோட வருதுங்க சார், பொண்டாட்டிதான் வேப்பிலை வீசுறாங்கன்னு சொல்லிட்டேன்."

என் ஆசீர்வாதம்

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. யார் பிறந்தநாள், யார் குழந்தை படம் கண்ணில் பட்டாலும், "நல்லா இரு சாமி, முருகன் துணை" என்று கீழே ஒட்டிவிடுவேன். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை அந்த வாசகமே என் திரையில் புகாராக வந்து நின்றது. பேரைப் பார்த்தால் நான்.

தன் பதிவைத் தானே தீர்ப்பு செய்யக்கூடாது என்பது விதி. பக்கத்து நாற்காலி சாந்திக்குத் தள்ளினேன். சாந்தி இண்டூர்க்காரி, தினமும் என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடுகிறவள். எப்படியும் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். கண் இமைக்காமல் ‘எடுக்கலாம்’ தட்டிவிட்டுத் திரும்பினாள்:

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரே நாள்ல இருநூறு பேருக்கு ஒரே ஆசீர்வாதத்தை ஒட்டினா, அதுக்குப் பேரு ஸ்பேமுங்க."

மருமகள்

பன்னிரண்டு நாற்காலி எட்டாகி, ஆறாகி, நாலானது. மிஞ்சினது மேடம், சாந்தி, அதியமான்கோட்டையிலிருந்தே வருகிற மேரி, நான். ஆச்சரியம்தான், எனக்கு வேகம் இல்லாவிட்டாலும் தப்பு அதிகம் வராது என்று மேடம் எழுதிக் கொடுத்திருந்தாராம்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் தட்டுகிற ஒவ்வொரு பட்டனையும் பார்த்து மெஷின் பாடம் படித்துக்கொண்டிருந்தது. "சிரிச்சுச் சிரிச்சு செத்தேன்டி" என்று எழுதினால் யாரும் சாகவில்லை என்பதையெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். மேரி அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"மருமகளுக்குச் சமையல் கத்துக்குடுத்த கையோட, நம்ம தட்டையே எடுத்து வெளிய வெச்ச மாதிரியில்ல இருக்குது."

கடைசி வீடியோ

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கம்பெனியின் தலைவரே சிரித்த முகமாகப் பேசுகிற வீடியோவுக்கு யாரோ தமிழ்க் குரல் ஒட்டிப் போட்டிருந்தார்கள். எது சரி, எது தப்பு என்று இனிமேல் பார்க்கிறவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்களாம், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளுமாம், அதற்கென்று ஆட்கள் தேவையில்லையாம். எங்கள் வேலை போன சேதி எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். அந்த வீடியோமேலேயே ஏகப்பட்ட புகார். காரணம் என்கிற இடத்தில் எல்லாரும் ‘வன்முறை’ என்று போட்டிருந்தார்கள்.

நான் விதிப்படி பார்த்தேன். ரத்தம் இல்லை, ஆயுதம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, யாரையும் பேர் சொல்லி மிரட்டவில்லை. விரல் ‘எடுக்கலாம்’ பக்கமே போனது. ஆனாலும் பிடிக்காத பேச்சு வேறு, தப்பான பேச்சு வேறு; அதைத்தானே இத்தனை நாளாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ‘வைக்கலாம்’ தட்டினேன். அரை மணியில் மேடத்துக்கு மெயில் வந்தது, மாசக் கடைசியோடு ஆபீஸை மூடச் சொல்லி. சாந்தி என் தோளில் கை வைத்தாள்:

"ரத்தம் வரலைன்னு வுட்டுட்டீங்களேக்கா. இப்பப் பாருங்க, ஒரு சொட்டு சிந்தாம நாலு பேரு காலி."

உலகத்தில் எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்ப்பு சொன்ன எங்களைப் போகலாம் என்று தீர்த்தவர்கள், அதன்மேல் புகார் கொடுக்க ஒரு பட்டன் வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.