அஞ்சுந்தியா வீட்டம்மாவின் டிக்கெட்

நார்சிசாவுக்கு வெலிங்டன் அஞ்சுந்தியாவின் முதல் அடி விழுந்தது, சேர்ந்து வாழத் தொடங்கிய நான்காம் நாள். சோறு குழைந்துவிட்டது, அவ்வளவுதான் குற்றம். அதன் பிறகு வந்த பதினோரு வருஷத்தில் இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் போனது, இரண்டு விலா எலும்பு முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது, வலது காது பாதி செவிடானது. ஆறாம் மாதத்தில் வயிற்றில் விழுந்த ஓர் உதையில், பெண் குழந்தை ஒன்று பேர் வைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தது. இத்தனையும் செய்தவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் நிற்பான். அவனை மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குவாயாகிலுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் துரான் ஊரில் ஜோடி சேர்கிறவர்களில் பாதிப்பேர் பதிவு அலுவலகத்துப் படியே ஏறியதில்லை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மின்விசிறி வந்துவிட்டால் குடும்பம். ஆனால் மறுநாளே பெண்ணின் பேர் தொலைந்துவிடும். நார்சிசா கிமி தொமலா என்று அப்பன் வழியும் ஆத்தாள் வழியும் இரண்டு குடும்பப் பேரோடு வந்தவள், தெருவுக்கு அஞ்சுந்தியா வீட்டம்மா ஆனாள். தேவாலயத்துக் குலுக்கல் சீட்டில் அப்படி, தண்ணீர் லாரிக்காரன் நோட்டில் அப்படி. இறால் கம்பெனியின் அடையாள அட்டையில் மட்டும் சொந்தப் பேர் மிச்சமிருந்தது. அங்கே அவள் நாளெல்லாம் பனிக்கட்டித் தண்ணீரில் கைவிட்டு இறாலுக்குத் தலை கிள்ளுவாள். அவள் வேகத்துக்கு அந்த வரிசையில் ஆள் கிடையாது.

சிலியில் சாந்தியாகோவில் வீட்டுவேலை செய்யும் தங்கச்சி யதீரா ஒருநாள் போனில் கத்தினாள். "அக்கா, அவன் உன்னக் கொன்னா சவப்பெட்டிக்கு நான் ஒத்தக் காசு அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன். இப்பவே டிக்கெட்டுக்கு அனுப்புறேன். வந்து தொல!"

வெலிங்டன் படகு எஞ்சின் மெக்கானிக். போசோர்ஹா துறைமுகத்தில் வேலையாகப் போயிருந்தான்; திங்கட்கிழமைதான் திரும்புவான். ஞாயிறு காலை விமானம் என்று கணக்குப் போட்டாள் நார்சிசா. தெருமுனையில் போன் கடை வைத்திருக்கும் அசுசேனாவிடம் புதன்கிழமை போய்ப் பணத்தைக் கொடுத்தாள். வயதில் மூத்த அந்த அம்மாளை மரியாதைக்குத் தோனியா என்போம். எங்கள் தெருவில் யார் விமானம் ஏறினாலும் டிக்கெட் அந்த அம்மாள் கையால்தான். இணையத்தில் மலிவாக விற்கும் ஏதோ ஒரு கம்பெனியில் பிடித்து வாங்கித் தருவாள்.

"தங்கச்சியப் பாக்கவா? வெலிங்டன் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும் தோனியா. அவருதான் போயிட்டு வான்னாரு."

இப்படி ஒரு பொய் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்?

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் டிக்கெட் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பயணியின் குடும்பப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் அஞ்சுந்தியா என்று இருந்தது. உள்பாடிக்குள் ஒளித்து வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள்.

அசுசேனா மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "அட, நீ கிமியா? பதினோரு வருஷமா அஞ்சுந்தியா வீட்டம்மான்னுதானேடி கூப்பிடுறோம். பாஸ்போர்ட்டக் கேட்டிருக்கணும், புத்தி கெட்டுப்போச்சு. இரு, சரி பண்ணிடலாம்."

அவ்வளவு சுலபமாக ஆகவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டால், வேறு ஆள் மூலம் வாங்கிய டிக்கெட்டில் நாங்கள் கைவைக்க மாட்டோம், விற்றவர்களைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். விற்ற கம்பெனியின் எண்ணில் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் போகோட்டாவிலிருந்து ஒரு பெண் குரல் தேனாக ஒழுகியது.

"என் ராணி, மூணு எழுத்து வரைக்கும் தப்புன்னா நானே திருத்திடுவேன். இது முழுக் குடும்பப் பேரு. டிக்கெட்ட வேற ஆளுக்கு வித்த மாதிரி ஆயிடும். கல்யாணச் சான்றிதழ் அனுப்புங்க."

"கல்யாணமே நடக்கலம்மா," என்றாள் நார்சிசா.

"அப்ப அந்தப் பேருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு காட்டுற சர்க்கார் காகிதம் ஏதாவது ஒண்ணு. சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குள்ள. அதுக்கு மேல கடவுள் வந்து கேட்டாலும் முடியாது."

புது டிக்கெட் வாங்க யதீராவிடம் இனி எதுவும் இல்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்தாலும் சல்லி தேறாது.

"நோட்டரிகிட்ட போய், சேர்ந்து வாழுறோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா ஆச்சு," என்றாள் அசுசேனா. "தம்பிய ஒரு எட்டு வரச் சொல்லேன்."

"அவர் வேண்டாம். நான் வேற வழி பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு நார்சிசா வேலைக்கு ஓடினாள். வரிசையில் நின்று தலை கிள்ளிக்கொண்டே வழி தேடினாள். ஒன்றும் புலப்படவில்லை.

அசுசேனா கெட்டவள் அல்ல. தன் தப்பால் ஒரு பெண்ணின் பயணம் கெடுகிறதே என்று உறுத்தல் தாங்காமல், அன்று சாயங்காலமே வெலிங்டனுக்குச் செய்தி அனுப்பினாள். 'தம்பி, உங்க வீட்டம்மா ஞாயித்துக்கிழமை சாந்தியாகோ போற டிக்கெட்ல பேரு சிக்கல். உங்க அடையாள அட்டையப் படம் புடிச்சு அனுப்புங்க.' டிக்கெட்டின் படத்தையும் கூடவே இணைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் நார்சிசா பச்சை வாழைக்காயைப் பானையில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். கதவு உதைபட்டுத் திறந்தது. வெலிங்டன் கையில் வெட்டுக்கத்தி. மற்றக் கையில் போன்.

"படி," என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "என் பேரு தெரியுதா? என் பேரையே போட்டுக்கிட்டு என்னை விட்டு ஓடுறியா?"

வெட்டுக்கத்தியின் பட்டை முதுகில் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம். இரண்டாவது வீச்சு தோளில், மூன்றாவது தொடையில். அவள் அலறினாள், பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, அடுப்பு மேடையின் விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்தது. திரும்ப மோதினான், முன்பல் இரண்டு நாக்கில் உதிர்ந்தன.

"எங்க பாஸ்போர்ட்டு? குடுடி! உன்னை அனுப்புறேன், சாக்குல கட்டி அனுப்புறேன்!"

கத்தியைத் திருப்பி வாய்ப்புறமாகப் பிடித்தான். அதைப் பார்த்தாள் நார்சிசா. இத்தனை வருஷத்தில் அவன் கத்தியை அப்படிப் பிடித்ததே இல்லை. கைக்கு எட்டியது பானை. வெறுங்கையால் அதன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, கொதிக்கும் தண்ணீரையும் காயையும் அப்படியே அவன் முகத்திலும் மார்பிலும் கொட்டினாள். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. கீழே விழுந்து புரண்டவனைத் தாண்டி, அவள் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனால் அந்த அலறல் காதுக்கு இதமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

பெண்கள் புகார்ப் பிரிவில் ஓர் அம்மாள் கணினியில் தட்டினாள். மருத்துவர் காயங்களை எண்ணிக் குறித்து, முகத்தில் துணிக்கட்டுப் போட்டார். பாதுகாப்பு உத்தரவு எழுதும்போது, ரத்தம் கோத்த வாயோடு நார்சிசா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நானும் அவனும் சேந்து வாழ்ந்தோம்னு எழுதுங்க. அஞ்சுந்தியா வீட்டம்மான்னுதான் ஊர்ல கூப்பிடுவாங்க, அதையும் எழுதுங்க. முத்திரை அழுத்தமா விழணும்."

தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இங்க வர்றவ எல்லாம் அவன் பேரே காதுல விழக்கூடாதும்பா. நீ ஏம்மா கேட்டு வாங்குற?"

"அந்தப் பேரைக் கழட்டத்தாம்மா."

போலீஸ் காவலோடு வெலிங்டனை குவாயாகில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் அண்ணன்கள் இருவர் இரும்புக் குழாயோடு அவளைத் தேடி அலைந்தார்கள். சனிக்கிழமை காலை அசுசேனாவின் கடைக் கண்ணாடியை நொறுக்கி, அந்த அம்மாளின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்கள். "எங்கடி அவ?"

"எனக்கென்ன தெரியும்? என் கண்ணாடிக்கு யாருடா வழி சொல்லுவான், எருமைங்களா!" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். நார்சிசா பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

அவர்கள் போனதும் அசுசேனா உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். "நான்தான்டி உன்னைக் கொன்னேன். தெரியும்னு சொன்னியேடி."

"பொய் சொன்னது நானு. அழுதது போதும், காகிதத்த அனுப்புங்க தோனியா. மணி பத்தாகுது."

அனுப்பினாள். பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது. சம்பந்தம் ஏற்கப்பட்டது, பேர் திருத்தப்பட்டது. புது டிக்கெட்டில் நார்சிசா கிமி தொமலா என்று முழுசாக இருந்தது. அதைப் படித்துப் பார்க்கக்கூட முடியாதபடி அவள் கண்ணிரண்டும் வீங்கி மூடியிருந்தன. அசுசேனா மூன்று தரம் வாசித்துக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கண் கொஞ்சம் திறந்துகொண்டது. மீன் வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துப் பாலம் தாண்டி, விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கவுண்டரில் இருந்த சின்னப் பெண் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்தாள்.

"பேரு சரியா இருக்கு." பிறகு படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். "ஆனா மூஞ்சி ஒத்து வரலையேம்மா. மூஞ்சியில இருக்குற துணிக்கட்டக் கொஞ்சம் அவுக்குறீங்களா?"

நார்சிசா பானைச் சூட்டில் கொப்புளம் கண்ட கைகளால் கட்டை அவிழ்த்தாள். துணி தோலோடு பிய்ந்து வந்தது. கவுண்டர் மேல் இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது. அதை முழங்கையால் துடைத்தாள்.

"பேரைத் திருத்த மூணு நாளாச்சு, கண்ணு. மூஞ்சி திருந்த மூணு வாரம் ஆகும். அவன் அதுக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்து வந்துருவான்."

அந்தப் பெண் வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்க்கவில்லை, மேலதிகாரியைக் கூப்பிடவும் இல்லை. போர்டிங் பாஸை அச்செடுத்து, பாஸ்போர்ட்டின் நடுவே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஆறாம் நம்பர் வாசல்க்கா," என்றாள். "நிக்காம போங்க."