ஆறாவது பட்டனின் கால்

நூல்களை மட்டுமே ஆசானாகக் கொண்டு நான் செய்த வீடியோ கேம் பெட்டியில், இன்று ஆறு பட்டன்களுக்குள்ளும் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தி முடித்தேன்.

ஐந்து ஒளிர்ந்தன. ஆறாவது ஒளிரவில்லை.

மாலையில் அலுவலகத் தோழியர் அதைக் காண வருவதாக இருந்தனர். ஆகவே அப்பட்டனைக் கழற்றிக்கொண்டு, விளக்கு வாங்கிய ராஜகீழ்ப்பாக்கம் கடைக்கு விரைந்தேன்.

"தாங்கள் அளித்த விளக்கு பழுதுடையது" என்று அறிவித்தேன்.

கடைக்காரர் பட்டனைத் திருப்பிப் பார்த்தார். "பீஸ் நல்லாத்தான் கீதுக்கா. நீதான் கால மாத்திப் போட்டுகினு வந்துட்ட."

குனிந்து நோக்கினேன். உண்மைதான். அவசரத்தில் இடது செருப்பு வலக்காலில் இருந்தது. உடனே மாற்றி அணிந்து, "இதற்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினேன்.

அவர் பட்டனிலிருந்து விளக்கை உருவி, அதன் இரு கம்பிகளையும் என்முன் நீட்டினார்.

"எல்.ஈ.டி. காலச் சொன்னேன்க்கா. நீட்டுக் காலு பிளஸ்ஸு, குட்டக் காலு மைனஸு. செருப்ப நான் பாக்கவே இல்ல."

விளக்கைத் திருப்பிச் செருகி, மேசையிலிருந்த பேட்டரியில் இணைத்தார். ஒளிர்ந்தது.

மாலையில் தோழியர் வியந்து பாராட்டினர். பிழை எதுவென்று அவர்கள் கேட்கவில்லை, நானும் கூறவில்லை.

எல்.ஈ.டி.யின் காலுக்கு வேறு தமிழ்ச்சொல் அறிந்தோர் பின்னூட்டத்தில் தெரிவிக்கவும். இரண்டாம் ஆட்டக்காரரின் ஆறு பட்டன்களுக்காக அதே கடைக்கு நான் மீண்டும் செல்ல வேண்டியுள்ளது.