சீட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள்

1. மூன்றாவது முறை

ஸ்டெல்லா அக்காவின் சைக்கிள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அதன் அடியில் முதலில் முன்சக்கரம் நுழைந்தது. பின்னாலேயே அக்காவின் குரல்.

"ஏட்டி செல்வி, நான் உக்காரதுக்கு முந்தி ஒன் சீட்டு உக்காந்துருது!"

மலைப்பாதை சைக்கிள்களில் டிராப்பர் போஸ்ட் என்று ஒன்று உண்டு. ஹேண்டில்பாரில் இருக்கும் லிவரை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும். எழுந்து அழுத்தினால் மேலே வரும். செங்குத்தான இறக்கத்தில் சீட் இடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. லிவரை விட்டதும் சீட் அதே உயரத்தில் நிற்க வேண்டும். அக்காவுடையது நிற்கவில்லை. உட்கார்ந்தால் இரண்டு விரற்கடை அமுங்கியது.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே தலைநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஃப் கிடைத்தால் ஊருக்கு நடுவே இருக்கும் ரிட்ஜ் காட்டுக்குள் சைக்கிளோடு போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை இமாச்சலில் அவருக்கு முதல் ரேஸ்.

எங்கள் முதலாளி ரகு சார் கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதித் தமிழில் திட்டுவார், மீதி ஹிந்தியில்.

"அரே செல்வி, தீஸ்ரி பார், மூணாவது தடவை! நாலாவது தடவை வந்துதுன்னா நீ ஸ்டாண்டை விட்டு இறங்கிடு. கவுன்ட்டர்ல ஹெல்மெட் வித்துண்டு இரு. சம்ஜீ?"

ரிப்பேர் ஸ்டாண்டுக்கு முன்னால் நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்பா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலில் இஸ்திரி போடுகிறார். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு முடித்து, ஐ.டி.ஐ.யும் படித்தவள். எங்கள் கடையில் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கும் ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

2. நான் செய்த வேலைகள், எல்லாமே சரி

முதல் முறை கேபிளைப் பார்த்தேன். அது இறுக்கமாக இருந்தால் உள்ளே வால்வு முழுதாக மூடாது, சீட் நழுவும். தளர்த்தினேன். இரண்டாம் முறை போஸ்ட்டைக் கழற்றினேன். மே மாதத் தூசி முழுவதும் சீலுக்கடியில் குடியேறியிருந்தது. துடைத்து, புது கிரீஸ் வைத்து, கிளாம்ப்பை டார்க் ரெஞ்சால் அளவாக முடுக்கினேன். அளவுக்கு மேல் முடுக்கினால் குழாய் நெரிந்து சீட் ஏறாது. போஸ்ட்டில் செயின் ஆயிலும் ஸ்ப்ரேயும் அடிப்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

இரண்டு முறையும் நானே ஏறி உட்கார்ந்து பத்துத் தரம் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு அக்கா வந்து எடுத்துப்போகும்வரை பின்சுவர்ப் பைப்பில் மாட்டிவைத்தேன்.

அந்தப் பைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த வண்டிகளைச் சீட்டின் மூக்கால் அதில் தொங்கவிடுவது எங்கள் கடை வழக்கம். டிராப்பர் உள்ள வண்டிகளின் பின்சக்கரம் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. சீட்டை இறக்கிவிட்டு மாட்டினால் தட்டாது என்று கண்டுபிடித்தவள் நான். எல்லாச் சக்கரங்களும் ஒரே வரிசையில் காற்றில் நிற்கும். ரகு சார் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

மூன்றாம் முறை மேனுவலை மெட்ரோவில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். ஒரு வரி கண்ணில் பட்டது. சீட் இறங்கியிருக்கும்போது சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கினால் உள்ளே எண்ணெயில் காற்று கலந்துவிடும். அப்புறம் சீட் அமுங்கும்; ஏற்றி நிறுத்தினால் கொஞ்ச நேரம் சரியானதுபோல் காட்டும்.

ஆகா, அக்காதான் குற்றவாளி! புதன்கிழமை கார்ட்ரிட்ஜையே மாற்றினேன். எண்ணெயும் காற்றும் தனித்தனியே அடைத்த மூடிய குழாய் அது. குதித்துப் பார்த்தேன், பாறை மாதிரி நின்றது. பைப்பில் மாட்டினேன். பிறகு ஒரு போர்டில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் என் கையால் எழுதிச் சுவரில் அடித்தேன்: "சீட்டை இறக்கிய நிலையில் அதைப் பிடித்து வண்டியைத் தூக்காதீர்கள்."

3. போர்டைப் படித்தவர்

வியாழக்கிழமை அக்கா வந்தார். வண்டியை இறக்கிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தார். புஸ்ஸென்று இரண்டு விரற்கடை இறங்கியது.

"அக்கா, நீங்க சீட்ட புடிச்சு தூக்குறீங்க. அதான்" என்றேன், போர்டைக் காட்டி.

அக்கா நிதானமாகப் படித்தார். பிறகு போர்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தார்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"இதுகளத் தொங்கப் போட்டது?"

எனக்குக் காது சூடானது. சைக்கிளின் மொத்த எடையும் இறக்கிய சீட்டில், ராத்திரி முழுக்க. கையால் சீட்டைப் பிடித்துத் தூக்கினால்கூட ஒரு நிமிஷம்தான்.

ரகு சார் உள்ளேயிருந்து வந்தார். "ஃபிர் ஸே? மறுபடியுமா? பீஸே கராப்மா, கெட்டதா வந்திருக்கு. கம்பெனிக்கு மெயில் போட்டுடு."

நல்ல வழிதான். 'ஆமா சார்' என்றால் போதும். ஸ்டாண்ட் எனக்கே. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீஸ் நல்லதுதான் சார். சீட்ட எறக்கி மாட்டினேன் இல்ல, அதனாலதான் போச்சு. மூணு தடவையும் நான்தான் கெடுத்தேன்."

ரகு சார் பைப்பைப் பார்த்தார். "நான் ஸ்டேட்டஸ்லாம் வெச்சேனே!"

"கவுன்ட்டருக்குப் போகட்டுமா சார்?"

"போய்ட்டா இந்த வண்டியெல்லாம் யார் சரி பண்றது? முதல்ல எல்லாத்தையும் இறக்கு. ஜல்தி!"

ஷோ பீஸாக வாசலில் நிற்கும் சைக்கிளிலிருந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றி அக்காவுடையதில் போட்டேன். இந்த முறை தரையிலேயே நிறுத்தி, சீட்டை மேலே ஏற்றி, கையோடு கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு மதியம் ஒரு போட்டோ வந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. கீழே: "சீட்டு கடைசி வரைக்கும் நின்னுட்டு. நான்தான் ரெண்டு தடவ விழுந்தேன்."

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மேனுவலைப் படியுங்கள். ஒவ்வொரு வரியையும் முதலில் உங்கள் கைக்குச் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்கு அப்புறம் சொல்லலாம். அந்தப் பைப்பை ரகு சார் இன்னும் கழற்றவில்லை. இப்போது அதில் தொங்குவது ஒன்றுதான்: என் போர்டு.