தண்ணீருக்கு முன்னால் போனவள்

பிரியமான சபையாரே, என் நாற்றங்கால் மஞ்சளாகக் காய்ந்து நின்ற அந்த ஆனி மாதத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள் ரோஸ்லின். அவள் பெயர் வரும் இடமெல்லாம் பேனா நிற்கும். நான் முறைத்தால் மறுபடி ஓடும்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். முன்பெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆண் இறங்கி வாய்க்காலைச் சுத்தம் செய்வான். ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்த அந்தக் காலத்தில் ஆண்கள் எல்லாரும் துபாய், சிங்கப்பூர் என்று பறந்துவிட்டார்கள். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது. மேட்டூர் திறந்தும் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. குட்டைத் தண்ணீரை நம்பி விட்ட நாற்று கருகத் தொடங்கியது.

துபாயிலிருந்து என் மகன் பூத்துக்குப் போன் போட்டான்.

"இந்தக் குறுவையும் போச்சுன்னா நிலத்தை வித்துடலாம்மா. யாரு பாக்குறது?"

என் வீட்டுக்காரர் உழுத நிலம் அது. அழுதேன். "ஆண்டவரே, யாராவது ஓர் ஆளை அனுப்பும்" என்று ஜெபித்தேன். ரோஸ்லினையும் கூப்பிட்டேன். புருஷன் விமானம் ஏறியதிலிருந்து அவள் கோயில் பக்கமே வருவதில்லை.

"நீங்களே கேளுங்க அத்தை. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் வந்துதா?" என்றாள்.

அந்த ஞாயிறு யோவான் ஸ்நானகன் திருநாள். ஆண்டவருக்கு முன்னால் போய் வழியைச் செம்மைப்படுத்தியவர் அவர் என்று போதகர் ஐயா பிரசங்கித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளை அனுப்பும் என்று கேட்டேனே, ஆண்டவர் ஊரைச் சுற்றிப் பார்த்திருப்பார், பாவம், நான்தான் மிச்சம்.

மறுநாள் அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினேன். ரோஸ்லின் கரையில் ஓடி வந்தாள்.

"மேல வாங்க அத்தை! முட்டி வலிக்குதுன்னு அப்புறம் என்னத்தான் தைலம் தேய்க்கச் சொல்லுவீங்க!"

"தேய்க்கிற கைதானே? அதை இங்க கொண்டாந்து ரெண்டு கொடியை அறு."

திட்டிக்கொண்டே இறங்கினாள். அவளைப் பார்த்துத் துபாய்க்காரன் பெண்டாட்டி, சிங்கப்பூர்க்காரன் பெண்டாட்டி எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். சில நாளில் வாய்க்கால் முகம் தெரிந்தது.

ஆனால் நாங்கள் புத்திசாலிகள் இல்லையா! அறுத்ததைக் கரையேற்றாமல் வாய்க்கால் ஓரத்திலேயே குவித்துவிட்டோம். இத்தனை வருஷம் ஆண்கள் செய்ததைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்த லட்சணம் அது. தண்ணீர் வந்தது. குப்பையை எல்லாம் வாரி வந்து எங்கள் வயலுக்கு மேலே இருந்த மதகை அடைத்துக்கொண்டது. தண்ணீர் பின்வாங்கிக் கரையை முட்டியது. உடைந்தால் எல்லாம் வடிகாலுக்குப் போய்விடும். நான் கரையில் நின்று கூவினேன்.

ரோஸ்லின் குதித்தாள். மார்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் தாமரையைப் பிய்த்து எறிந்தாள். "இயேசுவே, விடாதீங்க! இயேசுவே, என் புருஷன் நிலம்!" என்று கத்தினாள். ஜெபிக்காமல் இருந்த வாய் அது! மதகின் அடைப்பு விலகித் தண்ணீர் பாய்ந்தது. அவள் கழியோடு முன்னால் ஓடினாள், குப்பையைத் தள்ளிக்கொண்டே. பின்னால் தண்ணீர். அதற்கும் பின்னால் நான், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

நாற்று பிழைத்தது. மகன் போனில் கேட்டான்:

"யாரும்மா வாய்க்கால் வெட்டுனா?"

"உன் பொண்டாட்டிதான். நிலத்தை விக்கணும்னா அவகிட்ட கேளு."

அதற்கப்புறம் விற்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரோஸ்லின் எனக்கு முன்னால் கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். நான் வாய்க்காலுக்கு ஓர் ஆளை மட்டும்தான் கேட்டிருந்தேன், ஆண்டவர் இவளைக் கோயிலுக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் ஜெபிக்காத ஒருவர் இருக்கலாம். திட்டாதீர்கள். நீங்கள் முன்னால் இறங்கி உங்கள் பங்குக் கொடியை அறுங்கள், வருகிறவர் வருவார். இப்போது வருஷாவருஷம் தண்ணீருக்கு முன்னால் ரோஸ்லின்தான் போகிறாள், அறுத்ததைக் கரையேற்றிவிட்டு. அந்த யோவான் சொன்னதுபோல, அவள் பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும். மனசு சிறுகிவிட்டது. இடுப்பு மட்டும் இன்னும் கீழ்ப்படியவில்லை, அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.