நாகத்துக்குக் கொள்ளி வைத்த பிள்ளை

நயினாதீவு ஐயர் வீட்டு மூத்த மகன் சந்திரமௌலீசன், மணியும் தீபமும் வேண்டாமென்று பல்கலைக்கழக நூதனசாலையில் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தைந்தில். செத்த பறவைக்குப் பஞ்சு அடைப்பார். மீனைப் போத்திலில் இடுவார். பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லுவார். விளக்கம் சொல்வதில் ஆள் விண்ணன்.

அவர்கள் ஊரில் நாகம் செத்தால் மனிதருக்குப் போலக் கிரியை உண்டு. பால் தெளித்து, வெள்ளைத் துணி சுற்றி எரிப்பார்கள். வேலியில் சிக்கிச் செத்துக்கிடந்த நாகமொன்றை இவர் ஒருவருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டார். அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். தீவிலிருந்து வந்த பிள்ளைகளிடம், "இது உங்கட ஊர் நாகம்தான். நான்தான் கொண்டு வந்தனான்" என்று பெருமையடித்தார். அன்று பின்னேரமே ஊர் அறிந்தது.

கோயிலில் பூசை செய்யும் பெரியப்பா வீட்டு வாசல் படலையை அவருக்குச் சாத்தினார். அம்மா நாகபூஷணி மட்டும் வள்ளமேறி அக்கரையில் குறிகட்டுவான் துறைக்கு வந்து மகனைப் பார்த்துப் போவாள். "ஆர் என்ன சொன்னாலும் நீ கொள்ளி வைச்சால்தான் என்ர கட்டை வேகும்" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே அவர் ஊரின் ஏச்சையெல்லாம் பொறுத்திருந்தார்.

எண்பத்தொன்றில் அவள் கண்ணை மூடினாள். விடியவே ஓடிவந்தவரைப் பெரியப்பா படலையில் மறித்தார்.

"முதல், பாம்பைக் கொண்டு வா. அதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டு அம்மாவுக்குக் கொள்ளி வை."

"அதை எடுத்தால் என்ர வேலை போயிடும், பெரியப்பா."

"அப்ப போய் வேலையைப் பார்."

பெற்றவள் உள்ளே கிடக்கிறாள், படலையில் பேரம் நடக்கிறது. இவரெல்லாம் சுவாமி தொடுகிற மனிதர்! சந்திரமௌலீசன் வேலை போனால் போகட்டும் என்று திரும்பவும் வள்ளம் ஏறினார். பஸ் பிடித்து, நூதனசாலையைத் திறந்து, போத்திலோடு திரும்பி வரப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

கரையில் பெரியப்பா விறகு அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஏன் முழுகியிருக்கிறார் என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை. துணி சுற்றி, பால் தெளித்து, தீ வைத்தார். ஸ்பிரிட்டில் ஊறிய உடம்பு பக்கென்று பற்றியது. அணையும்வரை நிற்காமல் வீட்டுக்கு ஓடினார்.

வீடு கழுவியிருந்தது. தம்பி குகநாதன் தலை மழித்து, ஈர வேட்டியோடு முற்றத்தில் நின்றான். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மத்தியானமே முடிஞ்சுது, அண்ணை. பெரியப்பாதான் என்னைக் கொள்ளி வைக்கச் சொன்னவர்."

சந்திரமௌலீசன் பின்னால் ஆறுதலாக, ஒரு அவசரமுமில்லாமல் நடந்துவந்த பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப என்னை ஏன் அனுப்பினனீங்கள்?"

பெரியப்பா படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாம்பு ஊருக்கு வரவேண்டியிருந்தது. வந்திட்டுது. இனி நீ போகலாம்."