அண்ணன் கட்டிய காரின் இடது டயர்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர் அண்ணி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பாதி வாழ்நாளை ஊர் ஊராகச் சுற்றிக் கழித்தவன். ஆனாலும் அண்ணன் கட்டிய காரை ஆரம்ப நாட்களில் பார்த்தவர்களில் அண்ணியும் நானும்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீழக்குயில்குடியில். மழை பொய்த்த வருடங்களில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து மில்லில் சேர்ந்தார். வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எல்லோருக்கும் ஒரே அறை. ராத்திரிக்குக் கஞ்சி இருந்தால் குடிப்போம், இல்லாவிட்டால் படுத்துவிடுவோம். அண்ணன் சின்ன வயதிலேயே பஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போய் மெக்கானிக் ஆனார். நான் ரங்கூனுக்குக் கப்பலேறி லாரிகளில் வேலை பார்த்தேன். வேலை போனதும் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் சந்து முனைக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கார். புளியமரத்தில் மோதி ஒதுக்கிப்போட்ட பழைய வண்டியின் அடிச்சட்டத்தில், தகரத்தை அடித்து வளைத்து அண்ணன் தானே கட்டியது. இரண்டே பேர் உட்காரலாம். பின்னால் ஒரு பெட்டி. நான் அதற்குள்தான் உட்காருவேன்.

"கூரை எங்கண்ணே?"

"கூரை இருந்தா அது வண்டிடா. இல்லாட்டித்தான் ஸ்போர்ட்ஸ் கார்."

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பேசினார்கள். தட்டு மாற்றும் நாளில், "என் பிள்ளையை இந்தக் கார்லதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்" என்று அண்ணன் சபையில் சொல்லிவிட்டார். தாலியே கட்டவில்லை, அதற்குள் பிள்ளையா என்று கூட்டம் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரங்களில் தொல்லை தொடங்கியது. முன்பக்க இடது டயரின் வெளி ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்தது. வலது டயர் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. அந்தப் பழைய அளவு டயர் இனிக் கப்பலில் வராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பா வந்து பார்த்தார்.

"செருப்பு மாதிரி ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கே. மாத்தி மாட்டி இந்த ரெண்டும் போச்சுன்னா காரு இரும்புக் கடைக்குத்தான். கொட்டகைய மாட்டுக்கு விட்டுருவேன்."

அண்ணன் அடுத்த நாளே ஆராய்ச்சியில் இறங்கினார். முன்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ கோணி நின்றால் டயரின் மேல்பரப்பு ரம்பம் போல் சிலும்பியிருக்கும், உள்ளங்கையால் தடவினால் தெரியும் என்று நான் ரங்கூன் அனுபவத்தைச் சொன்னேன். தடவிப் பார்த்தார். சிலும்பல் இல்லை. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்தார், நேராக இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் குலுக்கினார், ஆட்டமில்லை. கொத்தனாரின் தூக்குக் குண்டை இரவல் வாங்கிச் சக்கரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு.

குறை எதுவும் பிடிபடாமல், கடைசியில் இடது சக்கரம் உள்பக்கம் சாயும்படி அச்சைக் காய்ச்சி ஒரு பக்கம் லேசாக வளைத்துவிடுவது என்று முடிவெடுத்தார். வளைத்து, தப்பாகப் போனால் அந்த அச்சு அதோடு சரி. கொல்லனிடம் மறுநாளைக்குச் சொல்லி வைத்தாயிற்று.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு, கோயிலைச் சுற்றி ஓடும் மாசி வீதிகளைச் சுற்றக் கிளம்பினோம். தினமும் சுற்றுவார். நான்கு மூலைகளிலும் வேகத்தைக் குறைக்க மாட்டார். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று விசில் அடிப்பார்கள். கொட்டகைக்குத் திரும்பியதும் அண்ணி இறங்காமல் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏங்க, இந்தக் கதவுல ஒரு தலகாணியாவது கட்டுங்க. மூலைக்கு மூலை இதுல போய் இடிக்கிறேன்."

"வேகமாத் திரும்புனா அப்படித்தான் இருக்கும்."

"அப்ப ஒருவாட்டியாவது உங்க பக்கம் சாயணும்ல? சோழவந்தான்ல இருந்து வாரப்ப ஒண்ணுமில்ல. இங்க எம்புட்டுச் சுத்துனாலும் இந்தக் கைதான் நோகுது."

அண்ணன் இன்ஜினை அணைத்தார்.

"தம்பி, கோயிலை நம்ம வலமாத்தான சுத்துறோம்?"

"பின்ன, இடமாவா சுத்துவாக?"

வலமாகச் சுற்றினால் எல்லாத் திருப்பமும் வலதுதான். ஒவ்வொரு மூலையிலும் காரின் பாரம் அண்ணியோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்து, அந்த டயரின் வெளி ஓரத்தைத் தரையில் வைத்துத் தேய்த்திருக்கிறது. வேறு பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை.

அப்படியும் அண்ணன் சோதிக்காமல் விடவில்லை. அண்ணியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு வாங்கி இரண்டு டயர்களிலும் குறுக்கே பட்டை போட்டார். சோழவந்தான் சாலையில் போய்வந்தோம். பட்டை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அழிந்திருந்தது. மறுபடி போட்டு மாசி வீதியை ஒரு சுற்றுச் சுற்றினோம். இடது டயரின் வெளி ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பே இல்லை. அண்ணன் சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தார். கொல்லனுக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொன்னோம்.

மறுநாள் காரை இடமாகத் திருப்பினார். முதல் மூலையிலேயே காப்பிக் கடைக்காரர் நடு வீதியில் வந்து நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள, சாமியை இடமாச் சுத்துற?"

"டயர் தேயுதுண்ணே."

"அதுக்கு? வண்டியத் திருப்பு. தேயுதுன்னா மெதுவாப் போ."

மெதுவாகப் போவதை அண்ணன் அவமானமாக நினைத்தார். முன் டயர்கள் இரண்டையும் மாறி மாறி இடது பக்கம் போட்டும், ரிம்மிலிருந்து கழற்றி உள் ஓரம் வெளியே வரும்படி திருப்பி மாட்டியும் பழைய வேகத்திலேயே ஓட்டினார். அண்ணி பிரசவத்துக்குச் சோழவந்தான் போன சமயத்தில் அந்த ஓரங்களும் போய்க்கொண்டிருந்தன. அப்பா இரும்புக் கடைக்காரரைக் கூட்டி வந்து காரைக் காட்டியும் விட்டார். அண்ணன் ஒரே ஒரு பயணத்துக்குத் தவணை கேட்டார்.

பெண் குழந்தை. கூட்டிவரும் நாளில் அண்ணி மடியில் குழந்தையோடு இடது பக்கம் உட்கார்ந்தார். அன்று அண்ணன் ஓட்டிய ஓட்டத்தில் மாட்டு வண்டிகள் எங்களை முந்தின. ஒரு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "கயிறு கட்டி இழுக்கவாண்ணே?" என்று கேட்டார். அண்ணன் கோபப்படவில்லை, கை காட்டி முன்னே போகச் சொன்னார். மாசி வீதியை வலமாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தோம். நான்கு மூலையிலும் குழந்தை கண் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மூலைகளில் வேகமாகத் திரும்பியதே இல்லை. அடுத்து வந்த பிள்ளைகளும் அதே டயர்களில்தான் வீட்டுக்கு வந்தார்கள். இரும்புக் கடைக்காரர் அந்தக் காரைக் கடைசிவரை பார்த்ததோடு சரி.

அண்ணன் நிறை வயதில், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் அப்படியே போய்விட்டார். கடைசி நாட்களில் மருந்து வாங்கித் தந்தவர்களுக்கும், இரவு துணையிருந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கார் ஒருநாளும் தானாகக் கிளம்பியதில்லை என்பது சந்துக்கே தெரியும். வருடக்கணக்கில் அதைத் தள்ளிவிட்டவர்கள் நீங்கள்தான். அண்ணனைத் தோளில் சுமந்தவர்களும் நீங்கள்தான். உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

தம்பி