பீடி உண்டா என்று கேட்ட இடம்

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஒரு நெஞ்சுநோய் முகாம் நடந்தது. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நாங்கள் சிலர், நெய்யாற்றின்கரை மருத்துவர் ஒருவரைப் பலமுறை பார்த்துப் பேசி வரவழைத்திருந்தோம். நெடுங்காலம் பீடி வலித்தவர்களை, நோய் முற்றுவதற்கு முன்பே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, சந்தேகம் இருந்தால் திருவனந்தபுரத்துக்கு ஸ்கேன் செய்ய அனுப்புவது என்பது திட்டம். பிலிம் குறைவு, ஆகவே பீடி வலிப்பவர்களுக்கு மட்டும்தான் படம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. அது என் தாய்மாமா.

மாமா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மதியத்துக்கு மேல், ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் இருப்பார். பீடியையும் அங்கேதான் வலித்தார். எங்கள் கிறிஸ்தவ சபையில் பீடி வலிப்பவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. ஷீட்டுப் புகையின் வாடை சட்டையில் ஏறியிருந்ததால் பீடி வாடை அதற்குள் ஒளிந்துகொண்டது. மாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருந்துவிட எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள். அவருடைய இருமலையும் புகைப்புரையின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் தேவைப்பட்டது. ஊரில் அது சபைக் கூடத்தில் மட்டுமே இருந்தது. வாசலில் மேசை போட்டு நர்ஸ் உட்கார்ந்தார். கூடத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் சபை ஊழியரான உபதேசியார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

"பீடி உண்டோ சேட்டா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்ல சிஸ்டரே," என்றார் மாமா.

பின்னால் நின்ற அவருடைய கூட்டாளி, இன்னொரு ரப்பர் வெட்டுக்காரர், அடக்கமுடியாமல் வாயைத் திறந்தார். "எலே, நீ வலிக்காட்டா சந்தையில பீடிக்கடைக்காரன் எப்பமோ கடையப் பூட்டியிருப்பானே!"

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். மாமா அசரவில்லை. "புகைப்புரையில நிக்கவனுக்கு பீடி எதுக்குலே? எனக்கு எந்நேரமும் ஓசிப் புகையாக்கும்."

வரிசை முழுவதும் சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார். நர்ஸ் மாமாவை வீட்டுக்குப் போகச் சொன்னார். அடுத்து நின்ற கூட்டாளியும் தன் முறை வந்தபோது, "ஒருக்காலும் இல்ல," என்றார்.

திரும்பும் வழியில் மாமாவிடம் கெஞ்சினேன். "நான் டாக்டர்கிட்ட தனியா சொல்லுதேன் மாமா. ஒரு படம் எடுத்துப் பாத்திரலாம்."

"சொல்லு. நாளைக்கு எனக்க மகளைக் கேட்டு வாறவன்கிட்டயும் நீயே சொல்லு." சற்று நடந்துவிட்டு, தணிந்த குரலில், "சபையில வச்சு இல்லன்னு சொன்னத இனி எப்படி மக்கா மாத்துவேன்?" என்றார்.

அவர் சொன்னது பொய்யான அச்சம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வந்த வரன்கள் எல்லாம் சபை வழியாக வந்தவை. மாமாவின் உயிரா, மகளின் வாழ்வா என்று எப்படி நிறுத்துப் பார்த்தாலும் ஒரு பக்கம் இழப்பாகவே இருந்தது; டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் சளியில் ரத்தம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் நுரையீரலைத் தாண்டியிருந்தது. எத்தனை வருடமாக வலிக்கிறீர்கள் என்று அங்கிருந்த மருத்துவர் கேட்டார். ஜெபிப்பதற்காக உடன் வந்த உபதேசியார் கட்டிலருகே நின்றிருந்தார். மாமா கண்களை மூடிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவரை அடக்கம் செய்தோம்.

அன்று படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். சிறிய கட்டி எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. இன்று குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் அதைவிட நுட்பமாகப் பார்க்கிறது. ஆனால் அதையும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கே எடுக்கிறார்கள். யார் அவர்கள் என்று அறிய அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மறு ஆண்டு மீண்டும் முகாம் வைத்தோம். இம்முறை கேள்வியைக் கூடத்தின் பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நர்ஸ் மட்டும் கேட்பதாக ஏற்பாடு. காலை முழுவதும் ஒருவரும் அந்த அறைக்குள் போகவில்லை. மாமாவின் கூட்டாளியிடம் போய்க் கேட்டேன்.

"வலிக்காதவன் அங்க எதுக்குப் போவான்? அந்த முறிக்குள்ள ஏறினா, ஆளு பீடிக்காரன்னு நெத்தியில எழுதி ஒட்டினது மாதிரியாக்கும்," என்றார். "நீ படிச்ச ஆளுல்லா மக்கா, இது தெரியாதா?"

மதியம் ஜெனரேட்டரை நிறுத்தினோம். அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான், வாசலில் நின்றிருந்த அந்தக் கூட்டாளியின் இருமல் எங்களுக்குக் கேட்டது.